ஐந்து வருடம் பூட்டிக் கிடந்த பள்ளிகள்: 'கற்றல் இடைவெளி' எங்கிருந்து வந்தது?

(எபிசோடின் திருத்தப்பட்ட எழுத்து வடிவம்)



1959 செப்டம்பர். அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் பிரின்ஸ் எட்வர்ட் என்று ஒரு கவுண்டி. கவுண்டின்னா, நம்ம ஊர் தாலுகா மாதிரி ஒரு நிர்வாகப் பகுதின்னு வச்சுக்கோங்க. கோடை விடுமுறை முடிந்துவிட்டது. பிள்ளைகள் பள்ளிக்குப் போக வேண்டிய நேரம். ஆனால் அந்தக் கவுண்டியில் ஒரு அரசுப் பள்ளிகூடத் திறக்கவில்லை. வெள்ளம் இல்லை, போர் இல்லை, தொற்றுநோய் இல்லை. கவுண்டி நிர்வாகம் அந்த வருட பட்ஜெட்டில் பள்ளிகளுக்குப் பணம் ஒதுக்கவில்லை, அவ்வளவுதான். அந்தப் பூட்டுகள் திறக்க ஐந்து வருடம் ஆனது.

கொரோனா காலத்தில் பள்ளிகள் மூடிக் கிடந்ததை நாம எல்லாரும் பார்த்திருக்கோம். அப்போ ஆன்லைன் வகுப்பு இருந்தது, டிவியில் பாடம் இருந்தது. அப்படியும் திரும்பி வந்த பிள்ளைகள் எவ்வளவு மறந்துபோயிருந்தாங்கன்னு ஆசிரியர்கள் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனார்கள். இங்கே ஐந்து வருடம். எதுவுமே இல்லை.

இந்தக் கதையை இன்றைக்கு எடுத்ததற்கு ஒரு காரணம் இருக்கு. அமெரிக்கக் கல்வியைப் பற்றி என்ன படித்தாலும் ஒரு சொல் வந்துகொண்டே இருக்கும்: 'அச்சீவ்மென்ட் கேப்'. கற்றல் இடைவெளி. வெள்ளையின மாணவர்களின் சராசரி மதிப்பெண்ணுக்கும் கறுப்பின மாணவர்களின் சராசரி மதிப்பெண்ணுக்கும் நடுவில் இருக்கும் வித்தியாசம். இதைப் பற்றி ஆயிரக்கணக்கான ஆய்வுகள், மாநாடுகள், திட்டங்கள். ஆனால் அந்தச் சொல்லில் எனக்கு ஒரு உறுத்தல் உண்டு. 'இடைவெளி' என்று சொன்னால் அது மலைக்கு நடுவில் இருக்கும் பள்ளத்தாக்கு மாதிரி, தானாக உண்டானது மாதிரி ஒலிக்கிறது. யார் தோண்டினார்கள் என்ற கேள்வியே வருவதில்லை. பிரின்ஸ் எட்வர்டில் தோண்டியவர்களின் பெயர், தேதி, அரசாங்கத் தீர்மானம் எல்லாமே பதிவில் இருக்கிறது. அதனால்தான் அங்கே போகிறோம்.

தார்த்தாள் கொட்டகைகள்

பிரின்ஸ் எட்வர்ட் கவுண்டி, மாநிலத் தலைநகர் ரிச்மண்டிலிருந்து சுமார் 100 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. புகையிலை விளையும் பூமி. தலைமையிடம் ஃபார்ம்வில் என்ற சின்ன ஊர். அந்தக் காலத்தில் மக்கள்தொகையில் கிட்டத்தட்ட பாதிப் பேர் கறுப்பினத்தவர். பள்ளி நிர்வாகக் குழுவில் இருந்தவர்கள் எல்லாரும் வெள்ளையினத்தவர்.

1896ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பு சொல்லியிருந்தது. இரண்டு இனத்தவருக்கும் தனித்தனி வசதிகள் வைக்கலாம், அவை சமமாக இருந்தால் போதும். 'தனி, ஆனால் சமம்' என்பார்கள். இதில் 'தனி' என்ற பாதியை மட்டும் தெற்கு மாநிலங்கள் சிரத்தையாக நிறைவேற்றின.

ஃபார்ம்வில்லில் கறுப்பின மாணவர்களுக்காக 1939ல் ராபர்ட் ருஸ்ஸா மோட்டன் உயர்நிலைப் பள்ளி கட்டப்பட்டது. 180 பேருக்கான கட்டடம். பத்து வருடத்தில் அங்கே 450 பேருக்கு மேல் படித்துக்கொண்டிருந்தார்கள். உடற்பயிற்சிக் கூடம் இல்லை, கேண்டீன் இல்லை, அறிவியல் ஆய்வகம் இல்லை. வெள்ளையின மாணவர்களின் பள்ளியில் இவையெல்லாம் இருந்தன. மோட்டன் பள்ளிப் பெற்றோர்கள் புதுக் கட்டடம் கேட்டு நடையாய் நடந்தார்கள். நிர்வாகம் என்ன செய்தது தெரியுமா? மரச்சட்டத்தில் தார்த்தாள் போர்த்தி, பள்ளி வளாகத்தில் சில கொட்டகைகளைப் போட்டுக் கொடுத்தது. சாலையில் போகிறவர்கள் அதைக் கோழிப்பண்ணை என்று நினைத்தார்களாம். உள்ளே ஒரு அடுப்பு. அதன் பக்கத்தில் உட்கார்ந்தவருக்கு வேர்க்கும், தள்ளி உட்கார்ந்தவர் கோட்டைக் கழற்ற முடியாது. மழை பெய்தால் கூரை ஒழுகும்.

இப்போ ஒரு நிமிஷம் யோசிச்சுப் பாருங்க. 1950ல் இந்த இரண்டு பள்ளி மாணவர்களுக்கும் ஒரே தேர்வு வைத்திருந்தால் என்ன வந்திருக்கும்? மதிப்பெண்ணில் வித்தியாசம் வந்திருக்கும். ஆய்வகத்தையே பார்க்காத பிள்ளை வேதியியலில் குறைவாகத்தான் வாங்கும். அந்த எண்ணை மட்டும் ஒரு அட்டவணையில் போட்டு, பத்து வருடம் கழித்து யாராவது படித்தால், அதில் தார்த்தாள் தெரியாது. மாணவன் மட்டும்தான் தெரிவான்.

பதினாறு வயதில் ஒரு வேலைநிறுத்தம்

பார்பரா ஜான்ஸ் மோட்டன் பள்ளியில் 11ஆம் வகுப்பு மாணவி. வயது 16. பள்ளி நிலைமையைப் பற்றித் தன்னுடைய இசை ஆசிரியை இனெஸ் டேவன்போர்ட்டிடம் புலம்பியிருக்கிறார். 'நீயே ஏதாவது செய்யேன்' என்கிற மாதிரி ஆசிரியை சொல்லிவிட்டார். முதலில் பார்பராவுக்கு அது வருத்தமாக இருந்ததாம், நம்மைத் தட்டிக்கழிக்கிறாரே என்று. பிறகு ஒருநாள் பள்ளிப் பேருந்தைத் தவறவிட்டு சாலையோரம் நிற்கிறார். வெள்ளையின மாணவர்களின் பேருந்து பாதி காலியாக அவரைத் தாண்டிப் போகிறது. நிற்கவில்லை, நிற்கவும் நிற்காது. அன்றைக்கு முடிவெடுத்ததாகப் பின்னாளில் அவரே எழுதிவைத்திருக்கிறார்.

1951 ஏப்ரல் 23. பள்ளி முதல்வர் பாய்ட் ஜோன்ஸுக்கு ஒரு தொலைபேசி அழைப்பு. உங்கள் மாணவர்கள் பேருந்து நிலையத்தில் வம்பில் மாட்டியிருக்கிறார்கள், உடனே வாருங்கள் என்று. அவர் அந்தப் பக்கம் கிளம்பியதும், முதல்வர் அனுப்பியது மாதிரியே ஒவ்வொரு வகுப்புக்கும் ஒரு சீட்டு போகிறது: எல்லாரும் அரங்குக்கு வரவும். திரை விலகினால் மேடையில் பார்பரா. ஆசிரியர்களை வெளியே போகச் சொல்கிறார். மாணவர்களிடம் பேசுகிறார். அன்றே 450க்கும் மேற்பட்ட பிள்ளைகள் பள்ளியை விட்டு வெளியே வந்துவிட்டார்கள். இரண்டு வாரம் உள்ளே போகவில்லை. போன் பண்ணி முதல்வரை வெளியே அனுப்பியது திட்டத்தின் பகுதி. பழி அவர்மேல் விழக்கூடாது என்று அவர்கள் கணக்குப் போட்டிருந்தார்கள். ஆனால் நிர்வாகம் அடுத்த வருடத்துக்கு அவருக்கு வேலை நீட்டிப்பு கொடுக்கவில்லை.

மாணவர்கள், என்.ஏ.ஏ.சி.பி. என்ற கறுப்பின உரிமை அமைப்பின் வழக்கறிஞர்களுக்குக் கடிதம் எழுதினார்கள். ஆலிவர் ஹில், ஸ்பாட்ஸ்வுட் ராபின்சன் என்ற இரண்டு பேர் வந்தார்கள். வந்தவர்கள் ஒரு நிபந்தனை வைத்தார்கள். 'நல்ல கட்டடம் வேண்டும்' என்று நாங்கள் வழக்கு போட மாட்டோம். பிரித்து வைப்பதே தவறு என்றுதான் போடுவோம். உங்கள் பெற்றோர் அதற்குச் சம்மதிக்க வேண்டும்.

இது சின்ன விஷயம் இல்லைங்க. அந்தப் பெற்றோரில் பலர் வெள்ளையினத்தவரிடம் வேலை பார்ப்பவர்கள், அவர்களுடைய வங்கியில் கடன் வாங்கியவர்கள். கையெழுத்துப் போட்டால் நாளைக்கு அடுப்பு எரியுமா என்ற கேள்வி இருந்தது. உள்ளூர் போதகர் பிரான்சிஸ் கிரிஃபின் தன்னுடைய தேவாலயத்தைக் கூட்டங்களுக்குத் திறந்துவிட்டார். கடைசியில் 117 மாணவர்களின் பெயரில் வழக்கு பதிவானது. பார்பராவுக்கு மிரட்டல் வந்ததால், அலபாமாவின் மான்ட்கோமரியில் இருந்த அப்பாவின் சகோதரர் வெர்னன் ஜான்ஸ் வீட்டுக்கு அவரை அனுப்பிவிட்டார்கள். அந்த வெர்னன் ஜான்ஸ் போதகராக இருந்த தேவாலயத்துக்குத்தான், அவருக்குப் பின் மார்ட்டின் லூதர் கிங் வந்தார்.

வழக்கு நடந்துகொண்டிருக்கும்போதே ஒரு வேடிக்கை. அத்தனை வருடம் 'பணம் இல்லை' என்று சொன்ன நிர்வாகம், 1953ல் கறுப்பின மாணவர்களுக்கு ஒரு புதிய உயர்நிலைப் பள்ளியைக் கட்டித் திறந்துவிட்டது. ஆக, பணம் இருந்திருக்கிறது. வழக்கு வரும்வரை கொடுக்கத் தோன்றவில்லை.

'நிதானமான வேகம்'

இந்த வழக்கோடு வேறு நான்கு இடங்களில் போடப்பட்ட வழக்குகளையும் சேர்த்துத்தான் உச்ச நீதிமன்றம் விசாரித்தது. பள்ளிப் பாடத்தில் நாம் படிக்கும் 'பிரௌன் எதிர் கல்வி வாரியம்' வழக்கு இதுதான். ஐந்தில் மாணவர்களே ஆரம்பித்த போராட்டத்தில் பிறந்தது பிரின்ஸ் எட்வர்ட் வழக்கு மட்டும்தான். 1954 மே 17 அன்று தலைமை நீதிபதி எர்ல் வாரன் தீர்ப்பை வாசித்தார். பொதுக் கல்வியில் 'தனி, ஆனால் சமம்' என்பதற்கு இடமே இல்லை. ஒருமனதான தீர்ப்பு.

பெரும்பாலான புத்தகங்களில் கதை இங்கே முடிந்துவிடும். சுபம் போட்டுவிடுவார்கள். ஆனால் எப்போதிருந்து நடைமுறைப்படுத்த வேண்டும் என்று 1954 தீர்ப்பு சொல்லவில்லை. அடுத்த வருடம் வந்த இரண்டாவது தீர்ப்பும் ஒரு தேதி குறிக்கவில்லை. 'தகுந்த நிதானத்தோடு கூடிய வேகத்தில்' செய்யுங்கள் என்றது. தெற்கு மாநிலங்கள் அதில் நிதானத்தை மட்டும் எடுத்துக்கொண்டன.

வர்ஜீனியாவின் செனட்டர் ஹாரி பேர்ட் 'மாபெரும் எதிர்ப்பு' என்றே இதற்குப் பெயர் வைத்தார். இரண்டு இனமும் சேர்ந்து படிக்க நீதிமன்றம் உத்தரவிடும் பள்ளியை மாநில அரசே மூடிவிடலாம் என்று சட்டம் போட்டார்கள். 1958ல் சில ஊர்களில் மூடியும் விட்டார்கள். 1959 ஜனவரியில் நீதிமன்றங்கள் அந்தச் சட்டத்தை ரத்து செய்ததும், அந்த ஊர்களில் பள்ளிகள் திறந்தன.

பிரின்ஸ் எட்வர்ட் வேறு வழி கண்டுபிடித்தது. 1959 செப்டம்பரிலிருந்து பள்ளிகளில் பிரிவினை இருக்கக்கூடாது என்று அந்தக் கவுண்டிக்கு உத்தரவு வந்தது. மாநிலம்தானே பள்ளியை மூடக்கூடாது? கவுண்டி பள்ளிக்கு வரியே வசூலிக்காவிட்டால்? பட்ஜெட்டில் பள்ளிக் கல்விக்குப் பணமே ஒதுக்காவிட்டால்? யாரையும் பிரிக்கவில்லை, எல்லாருக்கும் சமமாக எதுவும் இல்லை. அப்படித்தான் அங்கே பள்ளிகள் நின்றுபோயின.

யார் எங்கே போனார்கள்

வெள்ளையினப் பிள்ளைகளுக்கு ஏற்பாடு தயாராக இருந்தது. பிரின்ஸ் எட்வர்ட் அகாடமி என்ற தனியார் பள்ளி அதே செப்டம்பரில் தேவாலயங்களிலும் பொது மண்டபங்களிலும் தொடங்கிவிட்டது. முதல் வருடம் நன்கொடையில் ஓடியது. அடுத்த வருடம் மாநிலமும் கவுண்டியும் பெற்றோருக்குக் கல்வி மானியம் கொடுத்தன. அதாவது அரசுப் பணம் தனியார் பள்ளிக்குப் போனது. 1961ல் நீதிமன்றம் அந்த மானியத்தை நிறுத்தியபோது, கட்டணம் கட்ட முடியாத ஏழை வெள்ளையினக் குடும்பங்களின் பிள்ளைகளும் அடிபட்டார்கள். இதையும் சொல்லியாகணும். கறுப்பினப் பிள்ளையைத் தள்ளிவைக்கப் போட்ட பூட்டு, சொந்த இனத்து ஏழையையும் வெளியே நிறுத்தியது.

கறுப்பினப் பிள்ளைகள் சுமார் 1,700 பேர். அவர்களுக்கும் ஒரு தனியார் பள்ளி தொடங்கித் தருகிறோம் என்று வெள்ளையினத் தலைவர்கள் சிலர் முன்வந்தார்கள். கிட்டத்தட்ட யாருமே விண்ணப்பிக்கவில்லை. ஏன்னா, அதில் சேர்ந்தால் பிரிவினையை ஏற்றுக்கொண்டதாக ஆகிவிடும், நீதிமன்றத்தில் வழக்கு பலவீனமாகும். பிள்ளையின் படிப்பு ஒரு பக்கம், எல்லாப் பிள்ளைகளின் உரிமை இன்னொரு பக்கம். ஒரு தாயோ தகப்பனோ எடுக்கவே கூடாத முடிவு அது. அந்த மக்கள் எடுத்தார்கள். அதற்கான விலையையும் அவர்களுடைய பிள்ளைகள்தான் கொடுத்தார்கள்.

தேவாலயங்களின் கீழ்த்தளங்களில் சில பெண்கள் சின்னக் குழந்தைகளை உட்கார வைத்து எழுத்துச் சொல்லிக்கொடுத்தார்கள். அதைப் பள்ளி என்று அவர்களே அழைக்கவில்லை, பள்ளி என்றால் வழக்குக்கு இடைஞ்சல். 'பயிற்சி மையம்' என்றார்கள். மேல்வகுப்பு மாணவர்கள் சிலர் வட கரோலினாவின் கிட்ரெல் கல்லூரிக்குப் போனார்கள். குவேக்கர் அமைப்பு ஒன்று சில பத்துப் பிள்ளைகளை வேறு மாநிலங்களில் முன்பின் தெரியாத குடும்பங்களின் வீட்டில் தங்கவைத்துப் படிக்க வைத்தது. சிலர் பக்கத்துக் கவுண்டியில் இருக்கும் அத்தை வீட்டுக்கு, பாட்டி வீட்டுக்குப் போனார்கள். ஒரே வீட்டில் அண்ணன் ஒரு ஊரில், தங்கை ஒரு ஊரில்.

இதெல்லாம் வாய்த்தவர்கள் கொஞ்சம் பேர்தான். மீதிப் பிள்ளைகள் வீட்டில் இருந்தார்கள், புகையிலை வயலுக்குப் போனார்கள். 1959ல் ஆறு வயதாகி முதல் வகுப்பில் சேர வேண்டிய குழந்தைக்கு 1964ல் பதினொரு வயது. 1959ல் பதினைந்து வயது இருந்தவருக்கு 1964ல் இருபது. இருபது வயது ஆளுக்கு பத்தாம் வகுப்பு பெஞ்சில் எங்கே இடம்? பலர் திரும்பவே இல்லை.

பூட்டு திறந்தபோது

1963ல் ஜான் கென்னடி அரசாங்கத்தின் முயற்சியில், தனியார் நன்கொடையை வைத்து 'இலவசப் பள்ளிகள்' என்ற பெயரில் ஒரு வருடத்துக்கு மட்டும் பள்ளிகள் நடந்தன. நீல் சல்லிவன் என்ற கல்வியாளர் பொறுப்பேற்றார். சுமார் 1,500 பிள்ளைகள் வந்தார்கள், அதில் சில வெள்ளையினப் பிள்ளைகளும் உண்டு. ஆசிரியர்களிலும் இரண்டு இனத்தவரும் இருந்தார்கள். வயது பார்த்து வகுப்பு பிரிக்க முடியவில்லை, பத்து வயதுக் குழந்தைக்கு எழுத்தே தெரியாதே. அதனால் வகுப்பு என்ற கணக்கையே எடுத்துவிட்டு, யாருக்கு என்ன தெரியும் என்று பார்த்துக் குழுக்களாகப் பிரித்தார்கள். கோடை விடுமுறையும் இல்லாமல் அடுத்த ஆகஸ்ட் வரை நடத்தினார்கள்.

1964 மே 25. போதகர் கிரிஃபின் குடும்பத்தின் பெயரில் நடந்த வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நீதிபதி ஹ்யூகோ பிளாக் எழுதிய தீர்ப்பின் சாரம்: நிதானத்துக்கான நேரம் முடிந்துவிட்டது. வரி போடச் சொல்லி, பள்ளியைத் திறக்கச் சொல்லி கவுண்டிக்குக் கீழ்நீதிமன்றம் உத்தரவிடலாம். அந்த வருடம் இலையுதிர் காலத்தில் அரசுப் பள்ளிகள் திறந்தன. வந்தவர்களில் கிட்டத்தட்ட எல்லாருமே கறுப்பினப் பிள்ளைகள். வெள்ளையினப் பிள்ளைகள் அகாடமியிலேயே இருந்துவிட்டார்கள்.

அதே காலத்தில் மிச்சிகன் ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் ராபர்ட் கிரீன் தலைமையில் ஆய்வாளர்கள் வந்து இந்தப் பிள்ளைகளைச் சோதித்தார்கள். அந்த வருடங்களில் வேறெங்காவது படிக்க வாய்த்தவர்களைவிட, படிப்பே இல்லாதவர்கள் வெகுவாகப் பின்தங்கியிருந்தார்கள். இதைக் கண்டுபிடிக்க ஆய்வு வேணுமான்னு கேட்கலாம். வேணும். ஏன்னா, ஒரே ஊர், ஒரே இனம், ஒரே மாதிரிக் குடும்பங்கள். வித்தியாசம் பள்ளி மட்டும்தான். மதிப்பெண் குறைவுக்கு 'பிறவி', 'குடும்பம்', 'கலாச்சாரம்' என்று காரணம் சொல்கிறவர்கள் அன்றும் இருந்தார்கள், இன்றும் இருக்கிறார்கள். அவர்களுக்கான பதில் இந்த ஒரு கவுண்டியிலேயே இருக்கிறது.

இடைவெளி சுருங்கிய வருடங்கள்

இதுவரை கேட்டவர்களுக்கு ஒரு சந்தேகம் வரும். சரிப்பா, ஒரு கவுண்டியில் நடந்த கொடுமை. நாடு முழுக்க இருக்கிற இடைவெளிக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?

நல்ல கேள்வி. எண்களுக்கு வருவோம். 1964ல் தெற்கு மாநிலங்களில் வெள்ளையினத்தவர் பெரும்பான்மையாக உள்ள பள்ளியில் படித்த கறுப்பின மாணவர்கள் சுமார் 2 சதவீதம். தீர்ப்பு வந்து பத்து வருடம் ஆகியும் இதுதான் நிலை. அதற்குப் பிறகுதான் வேகம் வந்தது. 1964 குடிமை உரிமைச் சட்டம், பாகுபாடு காட்டும் பள்ளிகளுக்கு மத்திய அரசு பணத்தை நிறுத்தலாம் என்றது. 1965ல் ஏழைப் பிள்ளைகள் படிக்கும் பள்ளிகளுக்கு மத்திய அரசு பெரிய அளவில் நிதி கொடுக்க ஆரம்பித்தது. அதே வருடம் 'ஹெட் ஸ்டார்ட்' என்ற பாலர் பள்ளித் திட்டம் வந்தது. 1968ல் உச்ச நீதிமன்றம், இனி சாக்கு வேண்டாம், இப்போதே வேலை செய்யும் திட்டத்தைக் கொண்டுவாருங்கள் என்றது. 1988 வாக்கில் அந்த 2 சதவீதம் 43 சதவீதத்தைத் தாண்டியிருந்தது.

மதிப்பெண் என்ன ஆனது? அமெரிக்காவில் தேசிய அளவில் ஒரு மதிப்பீட்டுத் தேர்வு 1970களிலிருந்து நடக்கிறது. 500 புள்ளி அளவுகோல். 17 வயது மாணவர்களின் வாசிப்புத் தேர்வில் 1971ல் வெள்ளையின, கறுப்பின சராசரிகளுக்கு இடையே 53 புள்ளி வித்தியாசம். 1988ல் அது 20 புள்ளி. பதினேழு வருடத்தில் பாதிக்கும் மேல் காணாமல் போனது. வெள்ளையின மாணவர்களின் மதிப்பெண் சரிந்ததால் வந்த சமம் இல்லை இது. அவர்களுடையதும் சற்றே ஏறியிருந்தது. கறுப்பின மாணவர்கள் அதைவிட வேகமாக ஏறினார்கள்.

பள்ளியில் பிரிவினை உடைந்தது மட்டுமே காரணம் என்று சொல்ல மாட்டேன். பெற்றோரின் படிப்பு கூடியது, வருமானம் கூடியது, பாலர் பள்ளி வந்தது, எல்லாம் சேர்ந்துதான். ஆனால் ஒன்று நிச்சயம். இருபது வருடத்துக்குள் மரபணு மாறிவிடாது. மாறியது ஏற்பாடு.

இந்த மாற்றத்துக்கும் ஒரு விலை இருந்தது, அதை மறைக்கக்கூடாது. பள்ளிகளை இணைத்தபோது பெரும்பாலும் மூடப்பட்டது கறுப்பினப் பள்ளிதான். 1954க்கும் 1965க்கும் இடையில் தெற்கு மற்றும் எல்லை மாநிலங்களில் சுமார் 38,000 கறுப்பின ஆசிரியர்களும் தலைமை ஆசிரியர்களும் வேலை இழந்ததாகக் கணக்கு இருக்கிறது. 'நீயே ஏதாவது செய்யேன்' என்று ஒரு பதினாறு வயதுப் பெண்ணிடம் சொன்ன இனெஸ் டேவன்போர்ட் மாதிரி ஆசிரியைகள். பிள்ளைகளைப் புதுப் பள்ளிக்கு அனுப்பினார்கள், அவர்களை நம்பிய ஆசிரியர்களை வெளியே அனுப்பினார்கள்.

ஏன் நின்றது?

1988க்குப் பிறகு அந்த 17 வயது வாசிப்பு இடைவெளி மறுபடி விரிந்தது. 2012ல் 26 புள்ளி. அந்தப் பழைய 20க்கு அது திரும்பவில்லை. இதற்கு ஒற்றைக் காரணம் சொல்ல யாராலும் முடியாது. ஆனால் கதவுகள் எப்போது மூட ஆரம்பித்தன என்பது பதிவில் இருக்கிறது.

அமெரிக்காவில் அரசுப் பள்ளிக்கான பணத்தில் பெரும் பங்கு உள்ளூர் சொத்து வரியிலிருந்து வருகிறது. வீடுகள் விலை அதிகமான பகுதியில் பள்ளிக்குப் பணம் அதிகம். விலை குறைந்த பகுதியில் குறைவு. எந்த வீடு விலை குறைவு? கறுப்பினத்தவர் வாழும் பகுதிக்கு வீட்டுக் கடன் கொடுக்காதே என்று 1930களிலிருந்து அரசாங்க அமைப்புகளே வரைபடம் போட்டு ஒதுக்கி வைத்திருந்தன. இந்த நிதி ஏற்பாடு நியாயமில்லை என்று டெக்சாஸில் ஒரு வழக்கு வந்தது. 1973ல் உச்ச நீதிமன்றம் 5க்கு 4 என்ற கணக்கில், இதில் அரசியல் சட்ட மீறல் இல்லை என்றது. அடுத்த வருடம் டெட்ராய்ட் வழக்கு. நகரத்துக்குள் கறுப்பினத்தவர், சுற்றியுள்ள புறநகர்களில் வெள்ளையினத்தவர். மாவட்ட எல்லையைத் தாண்டிப் பிள்ளைகளைச் சேர்த்துப் படிக்க வைக்கலாமா? மறுபடியும் 5க்கு 4. முடியாது.

இந்தத் தீர்ப்பின் விளைவு என்னன்னா, நகரத்திலிருந்து புறநகருக்கு வீடு மாற்றினால் போதும், பிரௌன் தீர்ப்பு உங்களைத் தொடாது. பிரின்ஸ் எட்வர்ட் பூட்டுப் போட்டுச் செய்ததை, மற்ற ஊர்கள் எல்லைக்கோடு போட்டுச் செய்தன. பூட்டு கண்ணுக்குத் தெரியும், அதனால் உலகம் திட்டியது. எல்லைக்கோட்டை யாரும் திட்டுவதில்லை.

இடைவெளியா, கடனா?

2006ல் குளோரியா லாட்சன்-பில்லிங்ஸ் என்ற கறுப்பினக் கல்வியாளர், அமெரிக்கக் கல்வி ஆய்வாளர்கள் சங்கத்தின் தலைவராக ஒரு உரை நிகழ்த்தினார். 'அச்சீவ்மென்ட் கேப்' என்பதை விட்டுவிட்டு, 'கல்விக் கடன்' என்று பேசுவோம் என்றார். அவர் வாதம் எளிமையானது. ஒவ்வொரு வருடமும் பட்ஜெட்டில் விழும் துண்டு ஒன்று. வருடக்கணக்காகச் சேர்ந்து வட்டியோடு நிற்கும் கடன் வேறொன்று. இந்த வருடத் துண்டை அடைத்தாலும் பழைய கடன் அப்படியே நிற்கும்.

எனக்கு இந்தச் சொல் பிடித்ததற்குக் காரணம், கடன் என்றால் உடனே இரண்டு கேள்வி வரும். யார் கொடுக்கணும்? யாருக்குக் கொடுக்கணும்? 'இடைவெளி' என்றால் குறைவாக வாங்கிய பிள்ளையைத்தான் எல்லாரும் திரும்பிப் பார்ப்பார்கள். அவனுக்கு என்ன குறை, அவன் வீட்டில் என்ன குறை என்று. 'கடன்' என்றால் பார்வை வாங்கியவன் பக்கம் திரும்பும்.

பிரின்ஸ் எட்வர்டில் கடன்காரர் கொஞ்சம் திருப்பிக் கொடுக்கவும் செய்தார். 2003ல் வர்ஜீனியா சட்டமன்றம் பள்ளி மூடலுக்கு வருத்தம் தெரிவித்தது. அன்று படிப்பை இழந்தவர்களுக்குக் கௌரவப் பட்டயம் வழங்கப்பட்டது. 2004ல் அவர்கள் மீண்டும் படிக்க ஒரு உதவித்தொகைத் திட்டம் வந்தது. மாநிலம் 10 லட்சம் டாலர், ஜான் க்ளூகி என்ற தொழிலதிபர் 10 லட்சம் டாலர். அப்போது அந்தப் 'பிள்ளைகள்' ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் இருந்தார்கள். பேரன் பேத்தி எடுத்தவர்கள் பள்ளித் தேர்வுக்கு உட்கார்ந்தார்கள். அவர்களுடைய பிள்ளைகளுக்கு வீட்டுப்பாடம் சொல்லிக்கொடுக்க முடியாமல் போன வருடங்களுக்கு அந்தத் திட்டத்தில் வழி இல்லை. அந்தப் பிள்ளைகளின் மதிப்பெண்ணும் எங்கேயோ ஒரு அட்டவணையில் 'இடைவெளி' என்று பதிவாகியிருக்கும்.

பார்பரா ஜான்ஸ் பிறகு பிலடெல்ஃபியாவில் பள்ளி நூலகராக வேலை பார்த்தார். 1991ல் காலமானார். பழைய மோட்டன் பள்ளிக் கட்டடம் இன்று அருங்காட்சியகம். அமெரிக்க நாடாளுமன்றக் கட்டடத்தில் வர்ஜீனியாவின் சார்பில் நின்ற, அடிமை முறையைக் காத்த தளபதி ராபர்ட் லீயின் சிலையை 2020 டிசம்பரில் எடுத்தார்கள். அந்த இடத்துக்கு வர்ஜீனியா தேர்ந்தெடுத்தது பார்பரா ஜான்ஸை.

சிலை நல்ல விஷயம்தான். ஆனால் அந்த 450 பேர் வெளியே வந்து கேட்டது சிலை இல்லை. அடுப்பு இல்லாமலேயே சூடாக இருக்கும் ஒரு வகுப்பறை, ஒரு ஆய்வகம், ஒழுகாத கூரை. அடுத்த தடவை ஏதோ ஒரு சமூகத்துப் பிள்ளைகள் 'பின்தங்கியிருக்கிறார்கள்' என்று ஒரு புள்ளிவிவரம் உங்கள் டைம்லைனில் வந்தால், அது எந்த நாட்டுப் புள்ளிவிவரமாக இருந்தாலும் சரி, ஒரு கேள்வியை மட்டும் கேட்டுப் பாருங்க: இவர்கள் படித்த பள்ளிக்கு, இவர்களுடைய பெற்றோர் படித்த பள்ளிக்கு, பட்ஜெட்டில் என்ன எழுதியிருந்தது?

இந்த எபிசோடைப் பற்றி உங்கள் கருத்து என்னன்னு எழுதுங்க. பள்ளியில் படிக்கும் தம்பி, தங்கை இருந்தால் பார்பராவின் கதையை அவங்களுக்குச் சொல்லுங்க, அவருக்கும் அப்போ அந்த வயசுதான். அடுத்த எபிசோடில் சந்திப்போம்.